கட்டடத் தொகுதிகளுக்குப் பொது மின்–வெப்ப நிலையம்: குளிர்விப்புக்கும் அது பொருந்துமா?

வெப்பவியலன்:
வழக்கமான அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வெப்பமாக வெளியேறி வீணாகிறது. மின்சாரத்தைக் கட்டடங்களின் அருகிலேயே உற்பத்தி செய்து, எந்திரத்தின் கழிவு வெப்பத்தை வெந்நீராகக் குழாயில் அனுப்பினால், மொத்தப் பயன்பாடு 80 விழுக்காட்டை எட்டும். 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1979-இல் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றி இவ்வழியில் துணிந்து இறங்கியது. இன்று கோபன்ஹேகனின் கட்டடங்களில் பெரும்பாலானவை பொது வெப்பக் குழாய்களோடு இணைந்துள்ளன. கோடையில் அதே வெப்பத்தைக் கொண்டு உறிஞ்சு வகைச் சில்லரை (மின்சாரத்துக்குப் பதில் முதன்மையாக வெப்பத்தால் இயங்கி நீரைக் குளிர்விக்கும் எந்திரத்தை) இயக்கிக் குளிர்நீரும் தரலாம் என்பதே என் வாதம்.

கணக்கன்:
வெப்பத்தைப் பொறுத்தவரை மறுக்கவில்லை. குளிர்விப்பில்தான் உங்கள் கணக்கு இடிக்கிறது. 100 அலகு எரிவாயுவில் உங்கள் எந்திரம் 40 அலகு மின்சாரமும் 45 அலகு வெப்பமும் தருவதாகக் கொள்வோம். ஒற்றை நிலை (வெப்பத்தை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும்) உறிஞ்சு சில்லர் ஓர் அலகு வெப்பத்துக்கு 0.7 அலகு குளிர்ச்சியே தரும் என்பதால், கிடைப்பது 31.5 அலகுதான். அதே எரிவாயுவை நல்ல கூட்டுச் சுழற்சி மின்நிலையத்தில் (எரிவாயுச் சுழலியின் கழிவு வெப்பத்தால் நீராவிச் சுழலியையும் இயக்குவது) எரித்தால் ஏறத்தாழ 55 அலகு மின்சாரம் வரும். உங்களுக்குரிய 40 போக மிஞ்சும் 15 அலகை, ஓர் அலகுக்கு ஐந்து அலகு குளிர்ச்சி தரும் பெரிய மின் சில்லரில் செலுத்தினால் 75 அலகு குளிர்ச்சி கிடைக்கும். கம்பியில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் உங்கள் நிலையம் பின்தங்கித்தான் நிற்கிறது. மேலும், வெந்நீர் 30 டிகிரி குறைந்து திரும்பும்போது குளிர்நீர் ஆறேழு டிகிரி மட்டுமே சூடாகித் திரும்புவதால், அதே அளவு ஆற்றலைக் கொண்டுசெல்ல நான்கைந்து மடங்கு நீரை ஓட்ட வேண்டும். குழாயும் பள்ளமும் அதற்கேற்பப் பெரிதாகும்.

பராமரிப்பாளன்:
இத்தகைய உறிஞ்சு சில்லரை ஒரு மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் இயக்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒருநாள் மின்தடையில் பம்பு நின்றதும், சில்லருக்குள் நீராவியை உறிஞ்சும் செறிந்த லித்தியம் புரோமைடு உப்புக் கரைசல் வெப்பப் பரிமாற்றியில் உப்புக்கல்லாய் உறைந்துவிட்டது. வெளியிலிருந்து நீராவி காட்டி அதை இளக்க ஓர் இரவு முழுவதும் பிடித்தது. உள்ளே வெற்றிடம் சற்றே கெட்டாலும் குளிர்ச்சி படுத்துவிடும். இதையெல்லாம் கவனிக்கத் தேர்ந்த ஆள் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் அதற்குச் செலவிடுமா என்பது ஐயமே.

வெப்பவியலன்:
கணக்கன் ஐயாவின் எண்களை ஏற்கிறேன். ஆனால் அவை சிறந்த மின்நிலையத்தோடு ஒப்பிட்டவை. மின் தொகுப்பில் 35 விழுக்காட்டுத் திறனுள்ள பழைய நிலையங்களே மிகுந்திருந்தால், அங்கே அதே 100 அலகு எரிவாயுவில் அந்த 40 அலகு மின்சாரமே முழுதாகக் கிடைக்காது, குளிர்ச்சிக்கு மிச்சம் ஏது? ஆயினும் நான் முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆண்டு முழுவதும் வெந்நீர் கேட்கும் மருத்துவமனை, விடுதி, சலவைக்கூடம் ஆகியவை அருகருகே இருக்கும் இடத்தில் மட்டும், அவற்றின் குறைந்தபட்ச வெப்பத் தேவைக்கே எந்திரத்தை அளவிட வேண்டும். எஞ்சும் வெப்பத்துக்கு மட்டுமே உறிஞ்சு சில்லர்.

கணக்கன்:
அந்த அளவோடு நின்றால் எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் தொகுப்பில் சூரிய, காற்றாலை மின்சாரம் பெருகும் நாளில் அந்த எரிவாயு எந்திரத்தை என்ன செய்வீர்கள் என்பதைக் குழாய் பதிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.