ஸ்டார்லெட்டுக்கு டர்போ எஞ்சின்: காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?

கோணமலையான் (கேள்வி)

எங்கள் வீட்டில் இருப்பது 1992ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஸ்டார்லெட். ஏ9 வீதி திறந்த 2002இல் அப்பா வாங்கினார். அதில் நாங்கள் போன முதல் நெடும்பயணம் நல்லூர்த் திருவிழாவுக்கு. கார்புரேட்டர் வைத்த 2ஈ எஞ்சின், 1295 சிசி. இப்போது எண்ணெய் குடிக்கிறது, புகைப் பரிசோதனையில் தேறுவது ஆண்டுக்காண்டு கடினமாகிறது.

மாதம் இருமுறை திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய் வருகிறேன். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை, நான்கு பேருடன் ஏசியும் ஓடினால், ஒரு லொறியை முந்தி முடிப்பதற்குள் நெஞ்சு பதறுகிறது. கொழும்பில் ஒருவரிடம் அதே காரின் ஜிடி வகைக்குரிய 4ஈ-எஃப்டிஈ டர்போ எஞ்சின் கியர்பெட்டியோடு விற்பனைக்கு இருக்கிறது. 1331 சிசி, 135 குதிரைவலு. என்னுடையது அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

இரண்டு கேள்விகள். இது நேராகப் பொருந்துமா? காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா? அடுத்த மாதம் முழுக் காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டும். “பொனட்டைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள், சொன்னால் பிரீமியம் ஏறும்” என்கிறார் முகவர்.

கிண்ணியா கராஜ்

தம்பி, ஒரே குடும்ப எஞ்சின் என்பதால் இடம் போதும். ஆனால் எஞ்சினை இறக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். உங்கள் காரில் பெற்றோலை இழுப்பது எஞ்சினோடு ஒட்டிய சிறிய மெக்கானிக்கல் பம்ப். கார்புரேட்டருக்கு அது போதும், டர்போ எஞ்சினின் இன்ஜெக்டருக்குப் போதாது. டாங்கிக்கு மின் பம்ப், உயர் அழுத்தம் தாங்கும் குழாய், திரும்பி வரும் குழாய் எல்லாம் வேண்டும். கணினிப் பெட்டியும் அதற்குரிய வயர் தொகுதியும் எஞ்சினோடு சேர்ந்தே வர வேண்டும். விற்பவர் வயரை வெட்டி எடுத்திருந்தால் வாங்கவே வேண்டாம். அதை ஒட்டவைத்துக் கொடுத்தே எனக்கு முடி நரைத்தது. சில்லைச் சுழற்றும் அரை அச்சுகளும் டர்போ காருக்குரியவை வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். 92 ஒக்டேனை மறந்துவிடுங்கள், 95 மட்டும்.

முதலில் பிரேக். இதைக் கடைசிக்கு விட்டவர்களின் கார்களை நான் கட்டி இழுத்து வந்திருக்கிறேன். ஜிடிக்குரிய காற்றோட்ட முன் டிஸ்க்குகளும் கலிப்பர்களும் பூட்டிய பிறகுதான் எஞ்சினைத் தொடுவேன். உங்கள் கார் கடற்காற்றில் இருபது வருடத்துக்கு மேல் நின்றது. முன் உறுப்புகள் பிடித்திருக்கும் இடத்தில் துரு இருந்தால் வெட்டி ஒட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் 135 குதிரைவலுவை அதன் மேல் ஏற்ற என் மனம் ஒப்பாது.

உப்புவெளி 1298

தம்பி, கிண்ணியா நானா சொன்னதில் கூட்டவும் குறைக்கவும் எதுவுமில்லை. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பாடத்துக்கு நான் காசு கட்டியிருக்கிறேன்.

என்னிடம் சுசுக்கி ஸ்விஃப்ட் ஒன்று இருந்தது, சாதாரண 1.3. அதில் ஜிடிஐ வகையின் இரட்டைக் கேம் ஜி13பி எஞ்சினைப் பூட்டினேன். 101 குதிரைவலு, 7000 சுழற்சியைத் தாண்டியும் பாடும். பழைய எஞ்சினும் 1298 சிசி, புதியதும் 1298 சிசி. பதிவுப் புத்தகத்தில் உள்ள கொள்ளளவு மாறவில்லையே, பிறகு யாருக்கு எதைச் சொல்வது என்று இருந்துவிட்டேன். காப்புறுதி முன்மொழிவுப் படிவத்தில் “வாகனத்தில் மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளனவா” என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

2016இல் ஒரு இரவு, பத்து மணி இருக்கும். கோட்டைப் பக்கமிருந்து வரும்போது புள்ளிமான் ஒன்று மதிலோரத்திலிருந்து பாய்ந்தது. நம் ஊர் மான்களை உங்களுக்குத் தெரியும், மாடு நடப்பதுபோல் வீதியில் நடக்கும். அன்றைக்கு அது பாய்ந்தது. நான் வளைத்தேன். மான் தப்பியது, கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. என் வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. இதை இன்றும் சத்தியம் செய்வேன்.

மறுநாள் காலை மதிப்பீட்டாளர் வந்தார். அமைதியான மனிதர். நசுங்கிய பொனட்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். எஞ்சின் உடலில் இலக்கம் பொறித்த இடத்தில் எண்ணெயும் மண்ணும் விரற்கடை தடிப்புக்கு ஒட்டியிருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அதைச் சுரண்டினார். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டு வாசித்தார். பிறகு பதிவுப் புத்தகத்தை விரித்து மறுபடி வாசித்தார். எழுத்துகளே வேறு. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன்.

மானுக்கும் எஞ்சினுக்கும் என்ன தொடர்பு என்று நானும் கேட்டேன். அவர்கள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. ஆபத்தை எடைபோட அவர்களுக்கு உதவும் செய்தி எதுவாயினும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவன் காப்புறுதி எடுப்பவன். என்னிடம் அவர்கள் கேட்டேயிருந்தார்கள், கையொப்பம் என்னுடையது. காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்தக் கையொப்பத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? திருத்தச் செலவைக் கட்டி முடிக்க இரண்டு வருடமாயிற்று.

அந்த முகவரின் பேச்சை நம்ப வேண்டாம். நட்டஈடு மறுக்கப்படும் நாளில் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

எஞ்சின் வாங்கும்போதே எஞ்சின் இலக்கம் குறித்த பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணங்களின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். ‘பிறகு அனுப்புகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அவற்றை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு எஞ்சின் இலக்கம் மட்டுமல்ல, கொள்ளளவும் 1295இலிருந்து 1331 ஆக மாறுகிறது.

காப்புறுதி நிறுவனத்துக்கு, வேலை தொடங்கும் முன்பே கடிதம் எழுதுங்கள். எஞ்சின் வகை, இலக்கம், கொள்ளளவு, டர்போ, குதிரைவலு, மாற்றும் பிரேக், சில்லு, பூட்டும் கராஜ் எல்லாம் அதில் இருக்கட்டும். கிளை அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தொலைபேசியில் ‘சரி’ என்பார்கள். அந்தச் ‘சரி’ நீதிமன்றம் வரை வராது. மாற்றத்தை ஏற்றதாக எழுத்தில் பதில் வந்து, அது காப்புறுதிப் பத்திரத்தோடு இணைந்த பிறகே காரை வீதியில் இறக்குங்கள்.

இன்னொன்று, காப்புறுதித் தொகை, அதாவது காரின் மதிப்பாகப் பத்திரத்தில் நீங்கள் குறிப்பது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் பழைய ஸ்டார்லெட்டின் விலை எங்கே போனது என்று சந்தையில் பார்த்திருப்பீர்கள். அப்பா காலத்துத் தொகையையே வருடாவருடம் புதுப்பித்து வந்தால், சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தும் பாதி இழப்பு உங்கள் தலையில் விழும்.

ஹரோவிலிருந்து

நான் பிறந்தது திருகோணமலை, இருப்பது லண்டன். இங்கே சட்டம் சற்று வேறு. 2012இல் இயற்றி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தனிநபர் தானாகச் சொல்ல வேண்டிய கடமை நீங்கிவிட்டது. நிறுவனம் கேட்க வேண்டும், நாம் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொல்ல வேண்டும். கவனக்குறைவால் தவறினால் நட்டஈட்டை விகிதப்படி குறைக்கலாம். தெரிந்தே மறைத்தால் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யலாம். ஆனால் இங்கும் பெரும்பாலான நிறுவனங்கள் மாற்றங்களைக் கேட்டே விடுகின்றன. எனவே ஊரில் இருப்பவர்கள் இணையத்தில் இங்கிலாந்துக்காரர் எழுதுவதைப் படித்துவிட்டு ‘கேட்காவிட்டால் சொல்லத் தேவையில்லை’ என்று இருந்துவிடாதீர்கள்.

கோணமலையான்

உப்புவெளி அண்ணா, நானா, ஹரோ அண்ணா, மூவருக்கும் நன்றி. நேற்று விற்பவரிடம் இறக்குமதி ஆவணம் கேட்டேன். ‘இருந்தது, தேட வேண்டும்’ என்றார். முற்பணம் கொடுக்கவில்லை. காப்புறுதிக் கிளையில், முகவரைத் தவிர்த்து, முகாமையாளரையே பார்த்தேன். கடிதம் தந்தால் ஆளை அனுப்பிக் காரைப் பார்த்துவிட்டு, கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் தருவதாகச் சொன்னார். எஞ்சின் கிடைக்கும்வரை பிரேக் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு அதில்தான் முழுச் சம்மதம். நானா, சனிக்கிழமை கொண்டுவரட்டுமா?

கிண்ணியா கராஜ்

சனிக்கிழமை இடமில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பாலம் தாண்டி வாருங்கள். எண்ணெய் மாற்றாமல் வாருங்கள், பழையதை நான் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். இப்போது உள்ளே இருக்கும் 2ஈயின் இலக்கம் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுவோம். 2002க்கு முன் அந்தக் காரை யார் யார் திறந்தார்களோ.