ஃப்ரீ ஸ்பேஸ்: ‘ஒழிவிடம்’ சரிப்படுமா?

கைப்பேசி, கணினி மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘ஃப்ரீ ஸ்பேஸ்’, அதாவது சேமிப்பில் இன்னும் நிரம்பாத இடம், என்பதற்கு என்ன சொல் போடுவது என்ற பேச்சில் ஒருவர் சொன்னது:

> ஃப்ரீ ஸ்பேஸுக்கு ‘இலவச இடம்’ என்றே இருக்கட்டும். எல்லோருக்கும் புரியும்.

புரியாது, தோழரே. ‘20 ஜிபி இலவச இடம்’ என்று கைப்பேசி காட்டினால் யாரோ சும்மா தருகிறார்கள் என்றுதான் படும். அது காசு கொடுத்து வாங்கிய இடம். இன்னும் நிரம்பவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தின் ஃப்ரீ ஒரே மூட்டையில் பலதைக் கட்டி வைத்திருக்கிறது. பிலிப்பைன்ஸின் தகாலோகு மொழியில் அவை தனித்தனியாகக் கிடக்கின்றன. காசில்லாமல் கிடைப்பது ‘லிப்ரே’. கட்டுப்பாடு இல்லாதது ‘மலயா’. ஜூன் 12 விடுதலை நாளின் பெயரில் வரும் ‘கலயாஅன்’ இதே வேர்தான். ஆளில்லாத அறை ‘பகாந்தே’. சர்க்கரை சேராத பண்டத்துக்கு ‘வலாங் அசூகால்’, சர்க்கரை இல்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள்.

இதில் லிப்ரேயின் கதை சுவையானது. ஸ்பானிய மொழியில் அது சுதந்திரத்தைக் குறிக்கும். காசில்லாததற்கு ‘கிராதிஸ்’ என்று வேறு சொல் உண்டு. அதனால்தான் ஃப்ரீ சாப்ட்வேர்காரர்கள், அதாவது யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருளை வலியுறுத்துபவர்கள், குழப்பம் தீர லிப்ரேயைக் கடன் வாங்கினார்கள். ஆனால் 300 ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானிய ஆட்சியில் இருந்த மணிலாவில் அதே சொல் ஓசி என்றாகிவிட்டது. ‘லிப்ரே மோ அகோ’ என்றால் ‘இன்று உன் செலவு’ என்று அர்த்தம்! குழப்பம் தீர்க்கப் போன சொல் அங்கே குழப்பத்தைக் கூட்டும். நமக்கு ஃப்ரீ சாப்ட்வேருக்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ நிலைத்துவிட்டது, தப்பித்தோம்.

சரி, சேமிப்பு வட்டில் உள்ள இடத்துக்கு வருவோம். ‘வெற்றிடம்’ இயற்பியல்காரர்களுடையது, அதைத் தொட வேண்டாம். ‘காலி இடம்’ எனக்குச் சம்மதமே. உருது வழி வந்தது என்று தள்ளுவதை நான் ஏற்கவில்லை. சிக்கல் வினையில் இருக்கிறது. ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பொத்தானில் ‘காலி செய்’ என்று போட்டால் படமெல்லாம் போய்விடும் என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள். ‘இடம் ஒதுக்கு’ என்றும் சொல்ல முடியாது. நினைவகப் பகுதியில் அலொகேட்டுக்கு, அதாவது ஒரு நிரலுக்கு நினைவகத்தில் இடம் தருவதற்கு, ‘ஒதுக்கு’ போட்டாயிற்று. அந்த இடத்தைத் திருப்பி விடுவதற்கு ‘விடுவி’ இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம்.

என் முன்மொழிவு ‘ஒழிவிடம்’. ‘மாடி போர்ஷன் ஒழிஞ்சிருக்கா?’ என்று வீடு தேடுபவர்கள் கேட்பதுண்டு. கழுவப் போடும் முன் மிச்சக் குழம்பைச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுப் பாத்திரத்தை ஒழித்துப் போடுகிறோம். குழம்பு எங்கும் போவதில்லை, பாத்திரம் மட்டும் கைக்கு வருகிறது. படச் செயலிகளில் பொத்தான் செய்கிற வேலையும் இதுதான்: மேகக்கணியில், அதாவது இணையச் சேமிப்பில், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட படங்களைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டு இடம் கொடுப்பது. ஓய்வு நேரத்தை ‘ஒழிவு நேரம்’ என்பவர்களும் உண்டு, ஆகவே நாட்காட்டிச் செயலிக்கும் இதே வேர் உதவும்.

> ‘ஒழி’ என்றால் ஊழல் ஒழி, வறுமை ஒழி மாதிரி இருக்காதா?

இருக்கும், ‘ஒழி’ என்று மொட்டையாகப் போட்டால். அதனால் பொத்தானில் ‘இடம் ஒழித்துக் கொடு’ என்று முழுதாக எழுதலாம். நீளம்தான், ஆனால் இரண்டு வரியில் அடங்கும். சிறிய திரையில் வெட்டுப்படுகிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வெட்டுப்பட்டால் பெயருக்கு ‘ஒழிவிடம்’, வினைக்கு ‘இடம் எடு’ என்று பிரித்துக்கொள்ளவும் எனக்குத் தடையில்லை.