மே மாத டெர்பிஷயர்: கிணற்றுப் பூ அலங்காரம் பார்க்க எந்த ஊர், எந்த நாள்?

லெஸ்டர்வாசி:
மே மாதம் அத்தையும் மாமாவும் எங்களோடு இருப்பார்கள். கோட்டை, மாளிகை என்று டிக்கெட் எடுத்துப் பார்த்துப் பார்த்து எனக்கே சலித்துவிட்டது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் பக்கம் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதிக் கிராமங்களில் பூவிதழால் படம் செய்து கிணறுகளில் வைப்பார்களாமே, அதைக் காட்டலாம் என்று யோசனை. டிசிங்டன் என்ற பெயர்தான் எல்லோர் வாயிலும் வருகிறது. எப்போது போகலாம்? மாமாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏற முடியாது. கார் இருக்கிறது.

டெர்பிக்காரன்:
தாராளமாக டிசிங்டன் போங்கள். தேதி மட்டும் வருடா வருடம் மாறும். ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் 40ஆம் நாள் வரும் வியாழன், அதாவது இயேசு விண்ணேறிய நாள், அன்று தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். முதல் நாள் பாதிரியார் ஊர்வலமாக வந்து ஒவ்வொரு கிணற்றையும் ஆசீர்வதிப்பார், ஆனால் கூட்டம் நெரியும். வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், பூவும் வாடியிருக்காது. வாரக் கடைசி தாண்டி வெயிலும் அடித்துவிட்டால் இதழ் ஓரமெல்லாம் பழுப்பாகிவிடும்.

பக்கத்தில் போய் நின்று பாருங்கள். மரப்பலகையைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புக் கலந்த களிமண்ணை அப்பி, படத்தின் கோடுகளைக் காப்பிக்கொட்டை, ஆல்டர் மரத்துக் காய் இவற்றால் இழுத்திருப்பார்கள். நடுவில் ஒவ்வோர் இதழாகக் கீழிருந்து மேலே, ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று படியும்படி ஒட்டுவார்கள், மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். 14ஆம் நூற்றாண்டின் பெரும் கொள்ளைநோயிலிருந்து ஊர் தப்பியதற்கு நன்றி என்பார்கள், 1615 வறட்சியிலும் ஊற்று வற்றாததற்கு என்றும் சொல்வார்கள். ஆளுக்கொரு கதை.

மாமாவுக்கு: கிணறுகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, நடக்கும் தூரம்தான். அப்புறம் ஊரை ஒட்டியே டிசிங்டன் டிரெயில் என்ற நடைபாதை போகிறது. 1960களில் மூடிய ரயில் பாதை, ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல், ரயிலுக்குப் போட்டதால் பெரும்பாலும் செங்குத்தான ஏற்றம் கிடையாது. முடிந்த வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

கல்சுவர்:
எனக்கு டிசிங்டன் அவ்வளவு பிடிக்காது. ஊரே ஒரு பண்ணையாரின் சொத்து, சுற்றுலா அட்டைப் படம் மாதிரி துடைத்து வைத்திருப்பார்கள். மே 29 வரை காத்திருக்க முடிந்தால் அதே பீக் டிஸ்ட்ரிக்டில் காசில்டன் என்ற ஊருக்குப் போங்கள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1660இல் அரியணைக்குத் திரும்பியதைக் கொண்டாடும் நாள். இடுப்புக்கு மேல் தலை முகம் எதுவும் தெரியாமல், மணி வடிவப் பூக்கூண்டைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் குதிரையில் வருவார், கூடவே வாத்தியம், வெள்ளை உடையில் ஆடும் பிள்ளைகள், வழியில் ஒவ்வொரு பப் வாசலிலும் ஒரு நிறுத்தம். கடைசியில் கூண்டைக் கயிறு கட்டித் தேவாலயக் கோபுரத்துக்கு இழுத்து ஏற்றுவார்கள். மே 29 ஞாயிறாக இருந்தால் முந்தைய நாளே நடக்கும்.

லெஸ்டர்வாசி:
ஆஹா, இது தெரியாதே! ஆனால் இரவாகிவிடுமோ? மாமா எட்டு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும்.

கல்சுவர்:
மாலையில்தான் நடக்கும், நேரம் இழுக்கும். அவரை உட்காரவைக்க மடக்கு நாற்காலியும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோப்பள்ளத்தாக்கு:
மே மாதத்தை விட்டுவிட்டால் ஆகஸ்ட் கடைசியில் ஈம் (Eyam) என்ற ஊர் இருக்கிறது. 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிப் பொதியோடு பிளேக் நுழைந்தபோது, வெளியே பரவக் கூடாது என்று ஊரே தன்னை அடைத்துக்கொண்ட இடம். ஊர் எல்லையில் மாம்பெசன் கிணறு என்று ஓர் ஊற்று உண்டு, வெளியார் சாமான் வைத்துவிட்டுப் போவார்கள், இவர்கள் காசைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். அங்கேயும் கிணறு அலங்காரம் உண்டு.

எந்த ஊருக்குப் போனாலும் வயல் குறுக்கே பொதுப் பாதையில் நடப்பதாக இருந்தால் ஆட்டுக்குட்டிகள் இருக்கும், திறந்த கேட்டை மறக்காமல் மூடுங்கள். கல்சுவரைத் தாண்ட ஏறி இறங்கும் படிகள் மாமாவுக்கு ஆகாது, அவரோடு டிரெயிலே சரி.