"கிளிப்பைக் கழற்றிட்டு உள்ளே வா"

2014இல் தெற்கு வேல்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். அங்கே 92 வயதுப் பாட்டி ஒருவர். பெற்ற மகளின் பெயர்கூட மறந்துபோயிருந்தது. ஆனால் தலையில் கிளிப்போடு நான் அறைக்குள் நுழைந்தால் பதறிவிடுவார். "கழற்றிட்டு உள்ளே வா!" கழற்றி அவர் கையில் கொடுத்த பிறகுதான் முகம் தெளியும்.

ஏன் என்று அவர் மகள்தான் சொன்னார். பாட்டி 1942இல் பிரிட்ஜெண்ட் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அங்கே 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 1941 டிசம்பரில் வந்த சட்டப்படி, 20 முதல் 30 வயதுவரை உள்ள மணமாகாத பெண்களை அரசு போர்ப்பணிக்குக் கட்டாயமாக அழைக்கலாம். பாட்டிக்கும் கடிதம் வந்தது, போனார்.

தீப்பெட்டி, சிகரெட், கொண்டை ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு சின்னப் பொறி போதும். கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனசில்லாதவர்கள் அதன்மேல் பிளாஸ்டர் சுற்றிக்கொள்வார்களாம். தூள் பட்டுத் தோலும் நெற்றி முடியும் மஞ்சளாகிவிடும். காலையில் பார்த்தால் தலையணை உறையும் மஞ்சள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு விரல்கள் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மறுநாளும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தாராம் பாட்டி. கூலியோ ஆண்களைவிடக் குறைவு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம் நான் அந்த அறைக்குக் கிளிப் போட்டுக்கொண்டு போகவே இல்லை.

*

அக்கா, நீங்கள் எழுதிய இந்தப் பாட்டியின் கதையைப் படித்ததும் எனக்கு இங்கிலாந்தின் யார்க் பேராலயம் ஞாபகம் வந்தது. முதல் உலகப் போரில் இறந்த பெண்களின் பெயர்களை அங்கே மரப்பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் போனபோது வயதான ஓர் அம்மா ஒரு பெயரின்மேல் விரலை வைத்து நின்றிருந்தார். அது அந்த அம்மாவுடைய பாட்டியின் தங்கையாம். லீட்ஸ் பக்கத்தில் பார்ன்போ வெடிமருந்துத் தொழிற்சாலையில், 1916 டிசம்பர் 5ஆம் தேதி இரவு ஒரு குண்டு வெடித்து 35 பெண்கள் இறந்தார்கள். கழுத்தில் கட்டியிருந்த அடையாள வில்லையை வைத்துத்தான் பலரை அடையாளம் கண்டார்களாம். செய்தி வெளியே வராமல் அரசு தடுத்துவிட்டது. சில மணி நேரத்தில் வேறு பெண்கள் அதே அறைக்குள் போய் வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தாங்களாகவே முன்வந்து போனார்கள்.

அந்த அம்மா கடைசிவரை விரலை எடுக்கவில்லை.