டுவெல் 54-லேயே நிக்குது

சனிக்கிழமை

முத்து [காலை 7:42]: செல்வம் மாமா, வண்டி 1984 மாடல் செவர்லே, 5 லிட்டர் வி8. சூடானதும் ஐடிலிங் தள்ளாடுது. கரும்புகை, பெட்ரோல் வாடை, செக் என்ஜின் லைட்டும் எரியுது. கார்புரேட்டர், கம்ப்யூட்டர்லிருந்து ஒயர் போற குவாட்ராஜெட் மாடல். மெக்கானிக் இதைக் கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டச் சொல்றார்.

செல்வம் மாமா [7:50]: கழட்ட வேண்டாம்டா. என்ன கோளாறுன்னு வண்டியே சொல்லும். டேஷ்போர்டுக்கு அடியில 12 பின் சாக்கெட் இருக்கும். மேல்வரிசையில வலது கோடி ரெண்டு பின்னையும் ஒரு சின்ன ஒயரால இணை. அப்புறம் சாவியை ஆன் பண்ணு, ஸ்டார்ட் பண்ணாதே. லைட் மின்னுறதை எண்ணிச் சொல்லு. ஒரு மின்னல், சின்ன இடைவெளி, ரெண்டு மின்னல்னா 12. என்ஜின் ஓடாதப்ப அது வரத்தான் செய்யும். ஒவ்வொரு கோடும் மூணு தடவை வரும்.

முத்து [8:15]: 12 மூணு தடவை, அப்புறம் 45 மூணு தடவை. வேற இல்லை மாமா.

கவிதா அக்கா [8:18]: 45ன்னா எக்ஸாஸ்ட் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். 23 வரலை, அதனால மிக்ஸ்சர் சாலினாய்டு (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை மாத்துற மின்காந்தம்) சர்க்யூட் அறுந்திருக்காது. இருந்தாலும் சாவியை அணைச்சுட்டு, சாலினாய்டு கனெக்டரைப் பிரிச்சு ஓம்ஸ் பாரு. 20-லிருந்து 26க்குள்ள இருந்தா நல்லது. 10க்குக் கீழே இருந்தா திரும்பச் சொருகாதே முத்து, கம்ப்யூட்டருக்குள்ள அதை இயக்குற டிரைவர் சர்க்யூட் கெட்டுப் போயிடும்.

முத்து [8:40]: 22 ஓம்ஸ் அக்கா.

செல்வம் மாமா [8:44]: சரி. இனி டுவெல் பார்க்கணும், அதாவது கம்ப்யூட்டர் சாலினாய்டை எவ்வளவு நேரம் ஆன்ல வைக்குதுன்னு டிகிரியில. கார்புரேட்டர் பக்கத்துல எதுலயும் சொருகாம ஒத்தை ஒயரோட ஒரு பச்சைக் கனெக்டர் தொங்கும். மீட்டரை அதுல மாட்டு. உன் வண்டி வி8-ஆ இருந்தாலும் மீட்டரை 6 சிலிண்டர் ஸ்கேல்லதான் வைக்கணும். இதுல தப்பினா மீதிக் கணக்கெல்லாம் தப்பு.

கவிதா அக்கா [8:47]: டுவெல் மீட்டர் இல்லைன்னா மல்டிமீட்டர்ல டியூட்டி சைக்கிள் வச்சுக்கோ. 10% = 6 டிகிரி, 50% = 30, 90% = 54. ஒயர் கிரவுண்டுல இருக்கிற நேரத்தைத்தான் எண்ணணும். சில மீட்டர் தலைகீழா காட்டும், அப்போ 90 வர்ற இடத்துல 10 வரும். மீட்டரை மாட்டினதும் என்ஜின் சத்தம் மாறினா அந்த மீட்டர் வேண்டாம்.

முத்து [9:30]: நல்லா சூடாக்கிட்டேன். 54-லேயே நிக்குது, அசையவே இல்லை.

செல்வம் மாமா [9:41]: கவனமா படி. அந்த சாலினாய்டு ஒரு நொடிக்கு 10 தடவை அடிக்கும். கரண்ட் வந்தா மீட்டரிங் ராடைக் கீழே இறக்கி ஜெட்டை (பெட்ரோல் வர்ற துளையை) அடைக்கும், லீன், அதாவது பெட்ரோல் குறைவு. கரண்ட் இல்லாதப்ப ஸ்பிரிங் ராடைத் தூக்கிடும், ரிச். 54ன்னா கம்ப்யூட்டர் "லீன் பண்ணு, லீன் பண்ணு"ன்னு முழு பலத்தோட கேட்டுக்கிட்டிருக்கு, ஆனா பெட்ரோல் குறையலை. 6-லேயே நின்னிருந்தா வேக்கம் லீக்கைத் தேடச் சொல்லியிருப்பேன். உன் கதை அதுக்கு நேரெதிர்.

செல்வம் மாமா [9:43]: இன்னொண்ணு. தொல்லை விடட்டும்னு அந்த கனெக்டரைப் பிரிச்சுட்டு யாராவது ஓட்டச் சொன்னா கேட்காதே. பிரிச்சா முழு ரிச்சாயிடும், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்து போகும்.

கவிதா அக்கா [9:50]: சென்சார் பொய் சொல்லுதான்னும் பார்த்துடலாம். ஒரு வேக்கம் ஹோஸைக் கொஞ்சம் பிடுங்கிப் பாரு, காத்து கூடி லீனாகும். ஆக்சிஜன் சென்சார் வோல்ட் 0.8-லிருந்து கீழே இறங்கணும், டுவெலும் இறங்கணும். டிஜிட்டல் மீட்டர் மட்டும்தான், முள் மீட்டர் அந்த சென்சாரைக் கெடுத்துடும்.

முத்து [10:12]: 0.85 இருந்தது, ஹோஸைப் பிடுங்கினதும் 0.2. டுவெல் 20 வரைக்கும் இறங்கிச்சு. திரும்ப மாட்டினா மறுபடி 54.

கவிதா அக்கா [10:14]: அப்போ சென்சார், கம்ப்யூட்டர் ரெண்டும் சரி. பெட்ரோல் அதிகமா வருது, அவ்வளவுதான்.

சித்தப்பா [10:20]: இவ்வளவு தலைவலிக்கு ஒயர் இல்லாத சாதா கார்புரேட்டரையே மாட்டிடலாமே செல்வம்?

செல்வம் மாமா [10:31]: மாட்டலாம் தம்பி, கார்புரேட்டரோட வேலை முடியாது. இந்த வண்டியில ஸ்பார்க் டைமிங்கும் கம்ப்யூட்டர் கையில. டிஸ்ட்ரிபியூட்டர்ல டைமிங்கை முன்னே தள்ற (அட்வான்ஸ்) வெயிட்டும் இல்லை, வேக்கம் அட்வான்ஸும் இல்லை. சாதா கார்புரேட்டர் வந்தா அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரும் வரணும். ஆட்டோமேட்டிக் கியர்ல டார்க் கன்வெர்ட்டர் லாக்கப்பையும் கம்ப்யூட்டர்தான் த்ராட்டில் சென்சாரையெல்லாம் பார்த்துப் பிடிக்குது, அதுக்குத் தனியா ஒயரிங் பண்ணணும். புகைச் சோதனையிலயும் சிக்கல் வரலாம். இதெல்லாம் செய்யறதை விட உள்ளே என்ன கோளாறுன்னு பார்த்துடறது மேல்.

செல்வம் மாமா [10:36]: முத்து, வெளியிலிருந்து வர்ற பெட்ரோலை முதல்ல ஒதுக்கு. கேனிஸ்டர் பர்ஜ் ஹோஸை (டேங்க் பெட்ரோல் ஆவி என்ஜினுக்கு வர்ற குழாயை) நசுக்கிப் பிடி, டுவெல் இறங்குதான்னு பாரு. அப்புறம் பிசிவி வால்வை (என்ஜினுக்குள்ள இருக்கிற ஆவியை திரும்ப உறிஞ்ச விடுற வால்வை) என்ஜின் மேல் மூடியிலிருந்து வெளியே எடுத்து வச்சுப் பாரு. ஹோஸ் மாட்டினபடியே இருக்கட்டும்.

முத்து [11:05]: பர்ஜ்ல மாற்றமில்லை. பிசிவியை எடுத்தா 54-லிருந்து 48. ஆயில் குச்சியில பெட்ரோல் வாடை வருது மாமா.

செல்வம் மாமா [11:10]: ரிச்சா ஓடி ஓடி ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கு, அந்த ஆவி பிசிவி வழியா திரும்ப உள்ளே போகுது. ஆயிலை மாத்தணும், ஆனா இப்ப இல்லை. மூலக்கோளாறை முடிக்காம மாத்தினா புது ஆயிலும் கெடும்.

செல்வம் மாமா [11:14]: இப்ப பிளஞ்சர் (ராடை இறக்குற சாலினாய்டு தண்டு) ஓட்டத்தைப் பாரு. என்ஜின் அணைச்சுட்டு, ஏர் ஹார்ன்ல (கார்புரேட்டர் மேல் மூடியில) இருக்கிற D வடிவ ஓட்டை வழியா கேஜை விட்டு, பிளஞ்சரை அடிவரை அழுத்து. மொத்த ஓட்டம் 2/32 அங்குலத்திலிருந்து 6/32க்குள்ள இருந்தா, ராடு எவ்வளவு கீழே இறங்கணும்னு வைக்கிற லீன் ஸ்க்ரூவைத் தொடத் தேவையில்லை.

முத்து [11:40]: 4/32. சுலபமா ஏறி இறங்குது.

செல்வம் மாமா [11:46]: ராடு நல்லா இறங்கியும் ரிச்சா இருக்குன்னா, பெட்ரோல் ஜெட்டைத் தாண்டி வேற வழியா வருது. ஏர் கிளீனரைக் கழட்டி ஐடிலிங்ல ஓட விட்டு, டார்ச் அடிச்சு முன்னாடி ரெண்டு தொண்டையைப் பாரு. முகத்தைத் தள்ளி வை. ஐடிலிங்ல நடு நாசில் காஞ்சு இருக்கணும்.

முத்து [11:58]: ஒரு நாசில்ல சொட்டு கட்டி, தொங்கி, விழுது. நாலஞ்சு நொடிக்கு ஒரு சொட்டு.

செல்வம் மாமா [12:01]: கிடைச்சுடுச்சு! பெட்ரோல் மட்டம் ஏறியிருக்கு. காரணம், ஃப்ளோட் (கிண்ணத்துல பெட்ரோலோட ஏறி இறங்குற மிதவை) இல்லைன்னா நீடில் (பெட்ரோல் உள்ளே வர்ற வழியை அடைக்கிற ஊசி). அந்தக் கருப்பு நுரை ஃப்ளோட் வருஷக்கணக்கா பெட்ரோல்ல ஊறி கனத்துப் போகும். கனத்தா தாழ மிதக்கும், நீடிலை சரியான நேரத்துல அடைக்காது. கம்ப்யூட்டர் எவ்வளவு கதறினாலும் நாசில்ல சொட்டுறதை அதால நிறுத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை

செல்வம் மாமா [காலை 8:05]: கிட், புது ஃப்ளோட் ரெண்டும் வந்தாச்சுல்ல? கிட் வாங்கினது கார்புரேட்டர்ல குத்தியிருக்கிற 170ன்னு தொடங்குற நம்பருக்குத்தானான்னு ஒரு தடவை சரிபார். பேட்டரி நெகட்டிவைக் கழட்டு, என்ஜின் குளிர்ந்திருக்கணும், தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல. கார்புரேட்டரை மேனிஃபோல்டிலிருந்து எடுக்க வேண்டாம், மேல் மூடி மட்டும் போதும். செகண்டரி ராடு (பின்னாடி ரெண்டு தொண்டைக்கான மீட்டரிங் ராடு) ரெண்டையும் ஹேங்கரோட முதல்ல எடு. மூடி ஸ்க்ரூவுல ரெண்டு, சோக் பிளேட்டுக்குக் கீழே தொண்டையோரமா குழிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அதை விட்டுட்டு நெம்பினா மூடி உடையும். தூக்கும்போது நேரா மேலே தூக்கு, சாய்க்காதே. அடியில சின்னச் சின்ன குழாய் தொங்கும், வளைஞ்சா வீண்.

முத்து [9:50]: எடுத்துட்டேன். பழைய ஃப்ளோட்டையும் புதுசையும் சமையல் தராசுல வச்சேன், பழசு நல்லாவே கனமா இருக்கு. நகத்தால அழுத்தினா ஓரத்துல ஈரம் கசியுது.

கவிதா அக்கா [9:53]: அதே தராசைக் கழுவாம வச்சுடாதே முத்து, பெட்ரோல் பட்டிருக்கும்.

செல்வம் மாமா [9:58]: நீடிலும் சீட்டும் சேர்த்தே மாத்து. ஃப்ளோட் வைக்க வேண்டிய மட்டம் கிட் தாள்ல உன் நம்பருக்கு நேரா இருக்கும். கேஸ்கெட் இல்லாம, கிண்ண விளிம்பிலிருந்து ஃப்ளோட் தலைப்புறம் அள. நுனியிலேயே அளக்காதே, நுனியிலிருந்து 3/16 அங்குலம் உள்ளே தள்ளி. ஹின்ஜ் பின்னை நல்லா அழுத்திப் பிடிச்சுக்கோ. லீன் ஸ்க்ரூ பக்கம் போகாதே. போயே ஆகணும்னா அடியில மெதுவா முட்டுற வரைக்கும் எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வச்சுட்டுத் தொடு.

முத்து [மதியம் 1:20]: மாட்டியாச்சு. நாசில் காஞ்சு இருக்கு. டுவெல் 38க்கும் 42க்கும் நடுவுல ஆடுது!

செல்வம் மாமா [1:26]: ஆடுதே, அதுதான் வேணும். கம்ப்யூட்டர் பிடிச்சுடுச்சு. மீதி அந்த ஆயில் ஆவிதான். ஆயிலும் ஃபில்டரும் மாத்து.

முத்து [மாலை 5:10]: மாத்திட்டேன் மாமா. ஐடிலிங்ல 28-லிருந்து 33. சும்மா ரொம்ப நேரம் நிறுத்தினா ஆடாம நின்னுடுது.

கவிதா அக்கா [5:14]: சென்சார் ஆறிடுது, அதான். கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பிடிச்சா திரும்ப ஆடும். பழுதில்லை. 25-லிருந்து 35க்குள்ள இருக்கிறதால ஐடில் ஏர் பிளீடையும் (ஐடிலிங்ல காத்து அளவை மாத்துற ஸ்க்ரூவையும்) தொட வேண்டாம்.

செல்வம் மாமா [5:19]: சாவியை அணைச்சுட்டு கம்ப்யூட்டர் ஃபியூஸை 10 நொடி எடுத்து வை, 45 அழிஞ்சிடும். ரெண்டு நாள் ஓட்டிட்டுத் திரும்ப அந்த ரெண்டு பின்னையும் இணைச்சுப் பாரு. 12 மட்டும் வந்தா ஃபோட்டோ கூட வேண்டாம், "12"ன்னு மட்டும் எழுது.

செவ்வாய்க்கிழமை

முத்து [இரவு 8:33]: 12