ரிசர்வ் வங்கி போர்டு கூடுவது வருஷத்துக்கு ஆறு தடவையா, வாரா வாரமா?

பழைய லெட்ஜர்:
பக்கத்து இழையில் கீழவாசல் எழுதியதைப் படித்துவிட்டு வருகிறேன். "ரிசர்வ் வங்கி போர்டு வருஷத்துக்கு ஆறு தடவை கூடும், முந்திரி சாப்பிடும், டெல்லி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார். கைதட்ட ஒரு கூட்டம் வேறு. அங்கே பதில் போட்டால் நூறு மீம்ஸுக்கு நடுவே காணாமல் போகும், அதனால் தனி இழை. அந்த போர்டுக்கு, அதாவது வங்கியின் மத்திய இயக்குநர் குழுவுக்கு, ஒரு கமிட்டி உண்டு. அது வாரா வாரம் கூடுகிறது. நோட்டு வெளியிடும் துறை, வங்கித் துறை இரண்டின் வாராந்திரக் கணக்குக்கும் ஒப்புதல் தருவது அதுதான். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 53-ம் பிரிவுப்படி அந்தக் கணக்கு வாரா வாரம் மத்திய அரசுக்குப் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அன்னியச் செலாவணி கையிருப்பு இவ்வளவு என்று செய்தி வருகிறதே, அதே வெளியீட்டில் வங்கியின் சொத்தும் பொறுப்பும் வருகிறது. யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை என்பதற்காக வேலையே நடக்கவில்லை என்று சொல்லலாமா?

கீழவாசல்:
ஐயா, நான் எழுதியது போர்டு. நீங்கள் பேசுவது கமிட்டி. 13-ம் பிரிவைத் திறங்கள்: வருஷத்துக்குக் குறைந்தது ஆறு கூட்டம், காலாண்டுக்குக் குறைந்தது ஒன்று. ஆறு. சட்டத்திலேயே ஆறு.

பழைய லெட்ஜர்:
குறைந்தது ஆறு. அதற்கு மேல் கூடக் கூடாது என்று எங்கே இருக்கிறது? நாலு இயக்குநர்கள் சேர்ந்து கேட்டால் கவர்னர் எப்போது வேண்டுமானாலும் கூட்டம் கூட்டியாக வேண்டும், அதுவும் அதே 13-ம் பிரிவுதான். அடுத்த வரியை ஏன் விட்டீர்கள்?

கீழவாசல்:
அடுத்த வரியைப் படித்தேன். அப்படி நாலு பேர் கேட்டு எத்தனை தடவை கூடியிருக்கிறது, சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். ஆறு.

நெல்லைச்சீமை:
அண்ணாச்சிமாரே, ஆறோ அறுபதோ இருந்துட்டுப் போகட்டும். 2016 நவம்பர் 8 சாயங்காலம் அஞ்சரை மணிக்கு டெல்லியில கூடுனாங்கல்லா, 561-வது கூட்டம். எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில வந்துட்டார். எங்க ஊர்ல பீடி சுத்துற பொம்பளையாளுவ கையில இருந்த ஐநூறு ரூவா நோட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னாவ. வாராவாரம் கணக்கைத் தட்டிப் பார்க்கிற கமிட்டிக்கு அன்னைக்கு வாய் எங்க போச்சு?

பழைய லெட்ஜர்:
இந்த இழை அன்றாட நிர்வாகத்தைப் பற்றியது. நவம்பர் 8 அன்றாட நிர்வாகமா? இருந்தாலும் சொல்கிறேன். 26(2) பிரிவுப்படி போர்டு பரிந்துரைத்தால்தான் அரசு நோட்டைச் செல்லாது என்று அறிவிக்க முடியும். டெல்லிக்கும் அந்தத் தாள் தேவைப்பட்டது. அந்தக் கூட்டத்து மினிட்ஸ் தகவல் உரிமைச் சட்டத்தில் வெளியே வந்துவிட்டது, படித்துப் பாருங்கள். கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, நிலமாகவும் தங்கமாகவும் இருக்கிறது என்று இயக்குநர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நெல்லைச்சீமை:
எழுதியும் வச்சுட்டு பரிந்துரையும் பண்ணிட்டாவ. ரொம்ப சந்தோஷம்.

கீழவாசல்:
நெல்லைக்கு நன்றி, இப்போது கணக்கு போடலாம். அன்றைக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். கவர்னர் உர்ஜித் படேல். துணை கவர்னர்கள் இரண்டு பேர், அவர்களுக்கு போர்டில் வாக்கு கிடையாது. நிதித்துறைச் செயலாளர்கள் இரண்டு பேர், அவர்களுக்கும் கிடையாது. 8-ம் பிரிவு. மிச்சம் வெளி இயக்குநர்கள் மூன்று பேர். கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக, வேண்டியது குறைந்தது நாலு பேர், அதில் மூன்று பேராவது வெளி இயக்குநர்களாக இருக்க வேண்டும். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் கூட்டமே கிடையாது. போர்டில் அத்தனை நாற்காலி காலி. இதைத்தான் நிர்வாகம் என்கிறீர்கள்.

பழைய லெட்ஜர்:
நாற்காலியை நிரப்ப வேண்டியது மத்திய அரசு. அந்தப் பழியை போர்டு தலையில் கட்டுகிறீர்கள். கோரம் இருந்தது என்று உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரி 2 அன்று சொல்லிவிட்டது.

நெல்லைச்சீமை:
நாலு பேர் சொன்னாவ. அஞ்சாவது ஆள் நீதிபதி நாகரத்னா என்ன எழுதுனாவன்னும் சேர்த்துச் சொல்லுங்க. போர்டு தன் புத்தியை உபயோகிச்சதாவே தெரியலைன்னு எழுதியிருக்காவ.

ஆடிட்டர் தம்பி:
நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஆறு ஆறு என்பவர்கள் ஆண்டறிக்கையில் ஆளுகை, மனிதவளம் பற்றிய அத்தியாயத்தைப் பார்த்தது உண்டா? தணிக்கை, இடர் மேலாண்மைக்கு ஒரு துணைக் கமிட்டி. மனிதவளத்துக்கு ஒன்று. தகவல் தொழில்நுட்பத்துக்கு ஒன்று. கட்டடங்களுக்கென்றே ஒன்று. வங்கிகளை மேற்பார்வை பார்க்கும் குழு 1994-ல் அமைந்தது, அதுவும் போர்டின் கமிட்டிதான். பணியாளர் ஓய்வூதிய விதிகள், 1990 என்று ஒன்று இருக்கிறது, அதை 58-ம் பிரிவின் கீழ் போட்டது இந்த போர்டு. நோட்டின் வடிவமைப்புகூட போர்டின் பரிந்துரை இல்லாமல் அரசிடம் போகாது. இதெல்லாம் முந்திரி சாப்பிட்டுக்கொண்டே நடக்கிற வேலையா?

கீழவாசல்:
அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது தம்பி. அந்த வாராந்திரக் கமிட்டிக் கூட்டங்களில் பெரும்பாலானவை இப்போது மின்கூட்டம். கோப்பு மின்வழியில் வரும், பார்த்து ஒப்புதல் தருவார்கள். அதற்குப் பெயர் கூட்டமா? நேரில் உட்கார்ந்து எதிரும் புதிருமாகப் பேசுவது எத்தனை? ஆறு.

பழைய லெட்ஜர்:
ஆக, கமிட்டி வாரா வாரம் நடக்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்துகொண்டே "அவ்வளவுதான்" என்று எழுதினீர்கள். கூட்டுறவு வங்கி இழையிலும் இதையேதான் செய்தீர்கள், முதலில் அடித்துவிடுவது, பிறகு எல்லைக்கோட்டை நகர்த்துவது.

கீழவாசல்:
கூட்டுறவு வங்கி இழையில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரெப்போ வட்டியை இந்த போர்டுதானே தீர்மானிக்கிறது? வீட்டுக்கடன் தவணை எப்போது குறையும் என்று தெரிந்துகொள்ள வந்தேன்.

ஆடிட்டர் தம்பி:
இல்லை. 2016-லிருந்து அது பணக் கொள்கைக் குழுவின் வேலை. ஆறு பேர், மூன்று பேர் உள்ளே, மூன்று பேர் வெளியே. போர்டு அதில் தலையிட முடியாது.

கீழவாசல்:
வட்டியும் போர்டு கையில் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள் லெட்ஜர் சார்.

பழைய லெட்ஜர்:
குறித்துக்கொண்டேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 19, மும்பை. அந்த போர்டு கூட்டம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் நடந்தது. கையிருப்பு மூலதனம் எவ்வளவு இருக்க வேண்டும், சிறு தொழில் கடன், நலிந்த வங்கிகள் மீதான கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். கையெழுத்துப் போட ஒன்பது மணி நேரம் ஆகுமா? அதிலிருந்து பிறந்ததுதான், கையிருப்பு எவ்வளவு போதும் என்று ஆராய்ந்த முன்னாள் கவர்னர் பிமல் ஜலானின் கமிட்டி. அதன் அறிக்கையை ஏற்று 2019 ஆகஸ்டில் போர்டு அரசுக்குக் கொடுக்க முடிவுசெய்த தொகை 1,76,051 கோடி ரூபாய். 2025 மே மாதம் 2,68,590 கோடி. இழப்பு வந்தால் சமாளிக்கும் இடர் காப்புக்கு வங்கியின் இருப்புநிலைக் கணக்கில் எத்தனை சதவீதம் ஒதுக்குவது என்று ஒரு அஜெண்டா உருப்படி, அது 6.5-லிருந்து 7.5-க்கு ஏறினால் பட்ஜெட் கணக்கே மாறும். அந்த உருப்படிக்கு முன்னால் தணிக்கைத் துணைக் கமிட்டி, அதற்கு முன்னால் வாரா வாரம் சரிபார்த்த கணக்கு. அடியில் இந்த வேலை ஒழுங்காக நடக்காவிட்டால் மேலே வரும் தொகையை எவன் நம்புவான்? நான் வாழ்க்கை முழுக்க வங்கிக் கணக்கோடு கிடந்தவன். வாரக் கணக்கை ஏளனம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

நெல்லைச்சீமை:
ஒம்பது மணி நேரம் பேசுனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு? டிசம்பர் 10-ம் தேதி கவர்னரே ராஜினாமா. துக்ளக் ஆசிரியர் குருமூர்த்தி அந்த 2018 ஆகஸ்டுலதான் வெளி இயக்குநரா போர்டுக்குள்ள வந்தார், ஞாபகம் இருக்கட்டும்.

ஆடிட்டர் தம்பி:
படேல் சொந்தக் காரணம் என்றுதான் எழுதிக் கொடுத்தார். ஒரு வெளி இயக்குநர் வாயைத் திறந்து பேசினால் தப்பு, பேசாமல் இருந்தால் ரப்பர் ஸ்டாம்ப். இதில் எது உங்கள் கட்சி?

நெல்லைச்சீமை:
எனக்குக் கட்சி கெடையாது தம்பி. ஒனக்கு இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.

ஆடிட்டர் தம்பி:
வார்த்தையை அளந்து பேசுங்கள். ஒருமையில் கூப்பிட உங்களுக்கு உரிமை தரவில்லை.

கீழவாசல்:
வெளி இயக்குநர் வெளி இயக்குநர் என்கிறீர்களே, அத்தனை பேரையும் நியமிப்பது மத்திய அரசு. மும்பை, கொல்கத்தா, சென்னை, டெல்லி உள்ளூர் போர்டுகளிலிருந்து வருகிற நாலு பேர் உட்பட. லெட்ஜர் சார் கோடிக் கணக்கு நிறையப் போட்டார். நேரில் கூடியது எத்தனை என்று மட்டும் இன்னும் போடவில்லை.

பழைய லெட்ஜர்:
வாரா வாரம் என்று முதல் பதிவிலேயே போட்டாயிற்று. கமிட்டி யாருடையது? போர்டுடையது. கவர்னர் உட்காருகிறார், இயக்குநர்கள் உட்காருகிறார்கள், முடிவு வங்கியைக் கட்டுப்படுத்துகிறது. மின்வழியில் பார்த்தாலும் பொறுப்பு அதே பொறுப்பு. வாரா வாரம். வேண்டுமானால் இன்னொரு தடவையும் எழுதுகிறேன்.

கீழவாசல்:
எழுதுங்கள். 13-ம் பிரிவில் ஆறு.

நெல்லைச்சீமை:
எட்டுப் பேர்ல வாக்கு உள்ளவன் நாலே பேர்னு கீழவாசல் சொன்னதுக்கு லெட்ஜர் இன்னும் பதில் சொல்லலை. அதைச் சொல்லிட்டு வாரக் கணக்குக்குப் போங்க.