புதுப்பிப்பு: ஆற்றில் திசை மாற்றும்போது நின்றுவிடும் பாய்மரப் படகு

காற்றை எதிர்த்துச் செல்கையில் திசை மாற்ற முயன்றால், எங்கள் சிறிய டிங்கி படகு பாதித் திருப்பத்தில் நின்று நீரோட்டத்தோடு பின்னால் போய்விடுகிறது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, முன்பாயை (படகின் முன்பக்கச் சிறு பாய்) உடனே மறுபக்கம் மாற்றாமல் பிடித்து வைக்கச் சொன்ன யோசனைதான். காற்றின் திசையிலிருந்து சற்றே விலகி ஓட்டி வேகம் சேர்த்த பின் நான் சுக்கானைச் சீராகத் திருப்ப, மகள் முன்பாயின் கயிற்றைப் பழைய பக்கத்திலேயே இறுகப் பிடித்திருந்தாள். பாயின் மறுபுறத்தில் காற்று பட்டு முகப்பு முழுதாகத் திரும்பிய பிறகே கயிற்றை விட்டாள். சுக்கானை ஒரேயடியாகத் திருப்பினால் அதுவே தடையாகி வேகத்தைத் தின்றுவிடும் என்ற எச்சரிக்கையும் முற்றிலும் சரி. எடையை முன்னால் நகர்த்தியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்பாராதது ஒன்று: நீரோட்டம் தணிந்திருக்கும் என்பதால் வளைவின் உட்கரையை ஒட்டிச் சென்றபோது, அங்கே படிந்திருந்த மணலில் நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் நீருக்குள் இறக்கும் பலகை) கரகரவென்று உரசியது. அதைப் பாதி தூக்கியதும் படகு பக்கவாட்டில் நழுவத் தொடங்கியது. ஆகவே இப்போது உரசல் சத்தம் கேட்டவுடன் பலகையைத் தொடாமல் ஆழமான பக்கம் திரும்பிவிடுகிறோம். கரையோர மரங்கள் காற்றை மறைக்கும் இடங்களில் மட்டும் துடுப்பைத் தவிர வேறு வழியில்லை.